அலமாரியைத் தூக்கி எறிய வந்தவர் அதைக் காப்பாற்றிக் கொடுத்த கதை

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்ததும் நான் முதலில் செய்த காரியம், எதையெல்லாம் வெளியே போடுவது என்று பட்டியல் எழுதியதுதான். அதில் முதலிடம் கூடத்து மர அலமாரிக்கு. வார்னிஷ் கறுத்துப்போய், ஒரு கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மூங்கில் அலமாரி ஒன்றை வைக்க ஆசைப்பட்டேன்.

பழையதைப் பிரித்துக் கொண்டுபோக வந்த தச்சர் உடனே கை வைக்கவில்லை. பின்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இழுப்பறை ஒன்றை உருவி அதன் மூலையைக் காட்டினார். ஓர் ஆணிகூட இல்லை. பல்லோடு பல் கோத்த பொருத்து. "இதற்கான மரத்தை வெட்டி எத்தனையோ வருடம் ஆயிற்று அம்மா. கீல் தேய்ந்ததற்கு அலமாரியையே மாற்றுவதா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. பட்டியலை மடித்து வைத்தேன். அன்று மாலைக்குள் கீல்கள் மாறின, கதவு நேராக நின்றது.

வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆளி விதை எண்ணெய் பூசினேன். மரம் தன் ரேகைகளை மெல்ல மெல்லக் காட்டியதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையை எழுதியே ஆக வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தேன். "துணி எங்கே?" என்று தச்சர் கேட்டபோது எடுத்துப் பார்த்தால், உருண்டையின் நடுப்பகுதி கைக்குச் சுட்டது. இந்த எண்ணெய் காய்வது என்பது நீர் ஆவியாவதைப் போன்றதல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. இறுகும்போது வெப்பம் வெளியேறுகிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் கலைந்துவிடும். சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இயற்கைப் பொருள்தானே என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்க வைத்து மூடுங்கள்.

படுக்கையறைக்குச் சுண்ணாம்பு. அதில் முதல் முயற்சி வீண். சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் பெயின்ட் இருந்தது. அதன்மேலேயே கெட்டியாக அடித்தேன். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளை. சுண்ணாம்புக்கு நீரை உறிஞ்சும் சுவர் வேண்டும், வழுவழுப்பான பெயின்டை அது பற்றாது. பழைய பெயின்டை, அடியிலுள்ள சாந்து தெரியும்வரை சுரண்டி எடுக்கவே இரண்டு வார இறுதிகள் போயின. பிறகு சுவரை நனைத்து, நீர்த்த சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததாக நான்கு பூச்சு. ஈரத்தில் ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று பதறித் தடிமனாக அடித்தால் பொருக்கு விட்டுவிடும்.

சூளையில் சுடும்போது சுண்ணாம்புக்கல் இழந்த கரியமில வாயுவை, சுவரில் காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கி, மறுபடி கல்லாகிறது. சூளையில் எரித்த எரிபொருளின் புகைக்கு அது ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: ஈரத்தை அடைத்து வைக்காமல் சுவர் மூச்சு விடுகிறது, காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை. அந்தக் காரம் கண்ணுக்கு ஆகாது. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நிறம் வேண்டுமென்றால் காவி போன்ற மண் நிறங்களைக் கலக்கலாம்.

ஜன்னல் சட்டங்களை இன்னும் தொடவில்லை. அவற்றில் இருப்பது மிகப் பழைய பெயின்ட், ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிட மாட்டேன்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. உங்களைத் தடுக்க ஒரு தச்சர் இருந்தார். எங்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. நல்ல மர மேசைகளைக் கொடுத்துவிட்டு, "மரக்கழிவில் செய்தது, ஒரு மரமும் வெட்டவில்லை" என்ற சொல்லை நம்பி, மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகளால் குழந்தையின் அறையை நிரப்பினோம். மரக்கழிவு என்பது உண்மைதான். அந்தத் தூளை ஒட்டவைக்கும் பசையைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. அறைக்குள் போனாலே கண் எரிந்தது. அந்தப் பசையிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை வகைப்படுத்தியது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொன்னார்களே என்று செடித் தொட்டிகளாக வாங்கி அடுக்கினேன். எரிச்சல் குறையவில்லை. அந்த நம்பிக்கைக்கு மூலமான நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, மூடிய சிறு அறைப்பெட்டிகளுக்குள் நடந்தது என்று பிறகுதான் படித்தேன். காற்று வந்து போகிற வீட்டில் செடி செய்வதைவிடத் திறந்த ஜன்னல் பல மடங்கு செய்கிறது. செடிகள் இருக்கின்றன, அவற்றின் அழகுக்காக. குழந்தையை வேறு அறைக்கு மாற்றிவிட்டோம். இந்த அலமாரிகளை என்ன செய்வது? வெளியே போட்டால் இன்னொரு வீட்டுக்குத்தானே போகும்?

*

சகோதரி, எங்கள் தச்சரிடமே கேட்டேன். இழுப்பறைகளை வெளியே எடுத்து, அறுத்த விளிம்புகளையும் திருகு துளைகளையும் முதலில் பாருங்கள் என்றார். வழவழப்பான தாள் ஒட்டிய முகப்பைவிட, மூடாமல் விட்ட அந்த விளிம்புகளில்தான் வாயு அதிகம் கசியும். நீரில் கரையும் மூடுபூச்சை இரண்டு முறை அடித்து, மேலே விளிம்புப் பட்டை ஒட்டச் சொன்னார். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். வெயில் படும் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். நாள் செல்லச் செல்லக் கசிவு குறையும். கண் எரிச்சல் முழுவதும் நிற்கும்வரை குழந்தை அந்த அறையில் தூங்க வேண்டாம்.