வேப்பரைசரில் ஐஸ் படிந்து கேஸ் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

அம்பத்தூரில் சின்ன ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் கட்டுப்படியாகாமல் ஆறு மாதம் முன்பு எல்என்ஜிக்கு (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) மாறினேன், எண்ணூர் முனையத்திலிருந்து டேங்கரில் வருகிறது. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் தொல்லைதான்.

மைனஸ் 162 டிகிரி திரவம், சூடாக்குவது வெறும் காற்று. அந்தத் திரவத்தைக் கேஸாக்கும் வேப்பரைசர், மணிக்கு 200 கனமீட்டர் அளவில் இரண்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுகிறோம். இப்போது ஐந்து மணி நேரத்திலேயே அலுமினிய ஃபின்கள் (காற்றின் சூட்டை வாங்கும் தகடுகள்) நடுவில் ஐஸ் அடைத்துக்கொள்கிறது, வெளியே வரும் கேஸ் 5 டிகிரிக்குக் கீழே போனதும் பாதுகாப்பு வால்வு மூடி ஃபர்னஸ் அணைந்துவிடுகிறது. அதிகாலையில்தான் அதிகம்.

தண்ணீர் அடித்துப் பார்த்தோம், லோடைக் குறைத்தோம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம், ஓய்விலிருக்கும் யூனிட் முழுசாக உருகுவதற்குள் அதன் முறை வந்துவிடுகிறது. அமைத்துக் கொடுத்தவர்கள் ‘மழை நின்றால் சரியாகிவிடும்’ என்கிறார்கள், ஆர்டர் காத்திருக்குமா?

மூன்றாவது வேப்பரைசருக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. கடலோர ஈரக்காற்றில் இதை ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: கடைசியில், வெளியே வரும் கேஸைக் கொஞ்சம் சூடேற்ற ஒரு மின்சார டிரிம் ஹீட்டர் போட்டால் மட்டும் இது தீருமா?