கோத்தகிரி சரிவுக்கு எந்த புல்வெட்டும் மெஷின்?

கேள்வி:
அரை ஏக்கர் தேயிலை, வீட்டைச் சுற்றி கிக்குயூ புல். மழை விட்டதும் முழங்கால் உயரம் வந்துவிடுகிறது. அப்பாவால் இனி அரிவாளோடு குனிய முடியாது. பெட்ரோலா, கரண்டா?

குன்னூர் மெக்கானிக்:
சரிவுல, ஈரப்புல்லுல ஒயரை இழுத்துட்டுப் போகாதீங்க தம்பி. வாசல் புல்லுக்கு மட்டும்னா பேட்டரி மெஷின் போதும். தோட்டத்துக்கு டூ ஸ்ட்ரோக் பெட்ரோல்தான். பெட்ரோல்ல கலக்குற ஆயில் கணக்கை மெஷின் புக்கில் பாருங்க. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20. குறைஞ்சா பிஸ்டன் ஜாம் ஆகிடும்.

கட்டபெட்டு விவசாயி:
நான் பட்டதைச் சொல்கிறேன். மழைக்காலம் முழுக்க டாங்கில் பெட்ரோலோடு மெஷினை மூலையில் வைத்துவிட்டேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று பசை, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துக் கிடந்தது. இப்போது டாங்கை வடித்துவிட்டு, அதுவாக அணையும்வரை ஓட விடுகிறேன். இன்னொன்று: இளஞ்செடியின் தூரில் மெஷினில் சுழன்று புல் வெட்டும் நைலான் நூல் பட்டாலே பட்டை உரிந்துவிடும். அங்கே ஒரு முழம் விட்டுக் கையால் பிடுங்குங்கள்.

கேட்டவர்:
பெட்ரோலே வாங்குகிறேன் அண்ணா. செடி அடியை அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

குன்னூர் மெக்கானிக்:
கண்ணாடி போடாம ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. கல் தெறிக்கும்.