பெற்றோர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை, உடனடி உதவி தேவை

நாலாம்வகுப்பு_ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். மாலைதோறும் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைப் படமெடுத்து, அதை நானே ஒருமுறை வாசித்துப் பதிவு செய்து, பெற்றோர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தாங்களும் வாசித்துக் குரல் பதிவாகத் திருப்பி அனுப்புவார்கள். சென்ற பருவம் முழுவதும் தடையின்றி நடந்த இந்தப் பழக்கம், இரண்டு வாரமாகப் பாதி வீடுகளுக்குச் செய்தியே போகாமல் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். என்ன செய்வது?

மணியோசை:
குழுவில் அனுப்புகிறீர்களா, பிராட்காஸ்ட் பட்டியலிலா (ஒருமுறை அனுப்பினால் பலருக்கும் தனிச் செய்தியாகப் போகும் முறை), தனித்தனியாகவா? போகாதவர்களுக்கு ஒற்றை டிக் விழுகிறதா, இரட்டை டிக் விழுந்தும் அவர்கள் பார்க்கவில்லையா? மொத்தம் எத்தனை பேர்?

வயல்வெளி:
பெற்றோர்களின் டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது போனில் இடம் நிறைந்திருக்கும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு முறையும் இதுதான் காரணமாக இருந்தது. குரல் பதிவை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிப் பாருங்கள்.

மூத்த_உறுப்பினர்:
என்ன முறையில் அனுப்புகிறோம் என்பதைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது முறையன்று. பாடம் நடத்துபவருக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது. வகுப்புக்கு ஏற்றது டெலிகிராம் என்று இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். பழைய செய்திகளைப் புதிதாகச் சேருபவரும் பார்க்கும்படி வைக்கலாம், 2 ஜிபி வரையிலான கோப்பையும் அனுப்பலாம். மாறிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

நாலாம்வகுப்பு_ஆசிரியை:
அவசரத்தில் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். பிராட்காஸ்ட் பட்டியல்தான். 38 பேரில் 17 பேருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. முதலில் குழுவாகத்தான் இருந்தது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிவதால், ஒரு தாய்க்கு அறிமுகமில்லாத அழைப்புகள் வந்து அவர் மிகவும் வேதனைப்பட்டார். அன்றே குழுவைக் கலைத்துவிட்டேன்.

கரும்பலகை:
கலைத்தது சரியான முடிவு, டீச்சர். அட்மின் மட்டும் செய்தி போடும்படி பூட்டினாலும் உறுப்பினர் பட்டியலில் எண்கள் தெரியத்தான் செய்யும்.

மூத்த_உறுப்பினர்:
டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாமல் மறைக்கும் அமைப்பு உண்டு. நான் சொன்னதை முழுமையாகப் படித்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

வயல்வெளி:
ஐயா, வசதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு நாள் வேலைக்குப் போய்வரும் தாய் ஒருவர், உறவினரோடு பேசுவதற்காக வாட்ஸ்அப்பை மட்டும் பழகியிருக்கும்போது, பள்ளிக்காக இன்னொரு செயலியை நிறுவி, அதில் எண்ணை மறைக்கும் இடத்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவிக்குப் பள்ளிதான் இறங்கி வரவேண்டும்.

கரும்பலகை:
வாட்ஸ்அப் சேனல் தொடங்கினால் என்ன? பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது.

மணியோசை:
சேனல் ஒருவழிப் பாதை. பிள்ளையின் குரல் திரும்பி வருவதுதான் இந்த ஆசிரியையின் முறைக்கு உயிர். சேனலில் அது வராது. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் எண்கள் அட்மினுக்கும், ஏற்கெனவே சேமித்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும் என்பதால் பின்னாளில் அதை யோசிக்கலாம்.

இப்போது முக்கியமான கேள்வி. இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் எண்ணை மாற்றினீர்களா? பிராட்காஸ்ட் செய்தி, அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். நீங்கள் அவர்களைச் சேமித்திருப்பது போதாது, அவர்களும் உங்களைச் சேமித்திருக்க வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் எண்ணிக்கை உங்களுக்குத் தடையில்லை. டேட்டா தீர்ந்தாலும் ஒற்றை டிக் விழும்தான். ஆனால் அதே 17 பேர் நாள் தவறாமல் இரண்டு வாரம் விடுபடுகிறார்கள் என்றால் சேமிக்காததே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாலாம்வகுப்பு_ஆசிரியை:
ஆமாம், மாற்றினேன்! சொந்த எண் வேண்டாம் என்று பள்ளி வேலைக்காகவே புதிய சிம் வாங்கினேன். இதற்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவே இல்லை.

மணியோசை:
அப்படியானால் அதுதான். வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் புதிய எண்ணை எழுதி, "வகுப்பு ஆசிரியை" என்ற பெயரில் சேமிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். புதிய எண்ணிலிருந்து ஒரே செய்தியை 17 பேருக்கும் அடுத்தடுத்து வேகமாக அனுப்ப வேண்டாம். தேவையற்ற விளம்பரம் என்று கருதி உங்கள் கணக்கையே முடக்கிவிடும் வாய்ப்பு உண்டு. பிறகு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அதை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பெயர்ப் பட்டியல் கிடைக்கும்.

நாலாம்வகுப்பு_ஆசிரியை:
நன்றி. குறிப்பேட்டில் எழுதி அனுப்பினேன். 11 பேருக்கு இரட்டை டிக் வந்துவிட்டது, நேற்றிரவே நான்கு பிள்ளைகளின் வாசிப்பும் வந்தது. மீதி ஆறு வீடுகளுக்குச் சனிக்கிழமை நேரில் போகிறேன்.

கரும்பலகை:
மிக்க மகிழ்ச்சி, டீச்சர். வாசிப்பில் வரும் பிழைகளைக் குரல் பதிவாகவே திருத்தி அனுப்புகிறீர்களா, மறுநாள் வகுப்பில் சொல்கிறீர்களா? எங்கள் பள்ளியிலும் தொடங்க விரும்புவதால் கேட்கிறேன்.