மலையக ஆவணத் தளத்துக்கு எந்த ஹோஸ்டிங் பொருத்தம்?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதையொட்டி எங்கள் தோட்ட இளைஞர்கள் திரட்டிய லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) புகைப்படங்களையும், பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரிப் பதிவுகளையும் இணையத்தில் வெளியிட விரும்புகிறோம். பராமரிப்பை நிறுவனமே ஏற்கும் வேர்ட்பிரஸ்.கொம் நல்லதா, நாமே வழங்கியில் (தளங்களை இணையத்தில் வைத்திருக்கும் கணினி) இடம் வாங்கி, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவுவது நல்லதா?

பதில் (பண்டாரவளை):
தம்பி, மென்பொருள் இரண்டிலும் ஒன்றுதான்; அதைக் காவல் காப்பவர் யார் என்பதே வேறுபாடு. சொந்தமாக நிறுவினால் செருகுநிரல்களைப் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்கள்) புதுப்பிப்பதும் காப்புப்பிரதி எடுப்பதும் உங்கள் தலையில் விழும். நான் நடத்திய வாசகசாலைத் தளத்தில் பழைய செருகுநிரல் ஒன்றின் வழியாக யாரோ நுழைந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சூதாட்ட இணைப்புகளைச் செருகிவிட்டார்கள். காப்புப்பிரதியையும் அதே வழங்கியில் வைத்திருந்ததால், 2 ஆண்டுக் கட்டுரைகளை மீட்க முடியாமற்போனது இன்றும் மனதை உறுத்துகிறது. பொறுப்பேற்க நிரந்தரமாக ஒருவர் இல்லையென்றால் வேர்ட்பிரஸ்.கொம்மே உகந்தது.

பதில் (ஹப்புத்தளை):
அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) இணைக்க முடியாது. கட்டணத் திட்டம் வேண்டும். டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், பின்னர் இடம் மாறினாலும் முகவரி மாறாது. இடம் மாறும்போது தளத்திலிருந்து ஏற்றுமதி செய்யும் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பில் எழுத்துகள் வருமேயன்றிப் படங்களும் ஒலிப்பதிவுகளும் வரமாட்டா. ஆகவே மூலப் பதிவுகளைத் தனி வன்தட்டில் வைத்திருங்கள். அந்தப் பாட்டிமாரின் குரல்களை மறுபடி பதிவுசெய்ய வாய்ப்புக் கிடைக்காமற்போகலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வன்தட்டை இந்த மாதமே வாங்குகிறோம்.