தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளையை இன்னும் அங்குலத்தில்தான் அளக்க வேண்டுமா?

குன்னூர்ப் பொறியாளர்:
எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு இனி வாங்கும் உதிரிபாகம் எதுவானாலும் மில்லிமீட்டரில் இருக்கட்டும் என்றேன். பராமரிப்புப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்தது. தூள் கிலோவில் விற்கிறது, அதைச் செய்யும் இயந்திரம் அங்குலத்தில் நிற்கிறது. எத்தனை காலத்துக்கு?

கோத்தகிரி லேத் பட்டறை:
உருளை இருக்கும் காலம் வரைக்கும், தம்பி. சிடிசி உருளையின் பல் அங்குலத்துக்கு எட்டு, பத்து என்றுதான் கணக்கு. நீளம் 24, 30, 36 அங்குலம். ஜோடி உருளையில் ஒன்று மெதுவாகவும் மற்றொன்று அதைப்போல் பத்து மடங்கு வேகத்திலும் சுழலும்போதுதான் இலை நசுங்கி, கிழிந்து, சுருளுகிறது. ஜோடியில் ஒன்றின் பல் இடைவெளியை மாற்றினால் மற்றதும் வீண், கூர் தீட்டும் ஏற்பாடும் வீண். எட்டுப் பல்லை 3.175 மி.மீ. என்று எழுதுவதால் யாருக்கு லாபம்? பச்சை இலைக்கு விலை கிடைக்காமல் விவசாயி தவிக்கும்போது இந்தச் செலவை யார் தலையில் கட்டுவீர்கள்?

குன்னூர்ப் பொறியாளர்:
உருளையை விட்டுவிடுகிறேன், ஐயா. போல்ட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? உங்கள் நாலு நூல் (அரை அங்குல) போல்ட் 12.7 மி.மீ. கனம், விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரை, அங்குலத்துக்குப் பன்னிரண்டு. 12 மி.மீ. கனமுள்ள மெட்ரிக் எம்12 போல்ட்டின் மரை இடைவெளி 1.75 மி.மீ. இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. இரவு ஷிஃப்டில் அவசரமாகத் தேடுகிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றி மாட்டினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பானரை அழுத்தினால் மரை போய்விடும். சுழலும் இயந்திரத்தில் அப்படி ஒரு போல்ட் நிற்பதை என்னால் ஏற்க முடியாது.

வெலிங்டன் வாசகர்:
நம் மலை ரயில் 1899இலேயே மீட்டர் பாதையில் குன்னூருக்கு ஏறிவிட்டது. அங்குலமே 1959 முதல் சரியாக 25.4 மி.மீ. என்று சர்வதேச அளவில் வரையறுக்கப்பட்டதுதான். பழைய லேத்தில் 127 பல் கியரை மாட்டினால் மெட்ரிக் மரையும் பிசகாமல் வரும். 127ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 25.4 வரும்.

கோத்தகிரி லேத் பட்டறை:
அந்த கியர் என்னிடமும் உண்டு. மரை வெட்டத் தெரியாமல் நான் எதிர்க்கவில்லை. டப்பா விஷயத்தில் தம்பி சொல்வது நியாயம்; இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். ஆனால் ஓடுகிற இயந்திரத்தில் பாதி போல்ட்டை மாற்றி, பாதியை விடாதீர்கள். அதுதான் ஆபத்து.

குன்னூர்ப் பொறியாளர்:
அப்படியானால் அடுத்த ஓவர்ஹாலில் ஒரு இயந்திரத்தை முழுதாக மாற்றுகிறேன். உருளைப் பல்லைத் தொடமாட்டேன்.

கோத்தகிரி லேத் பட்டறை:
பேரிங்கைத் தாங்கும் கூடான ஹவுசிங்கில் பழைய போல்ட்டின் மரைத் துளை 12 மி.மீட்டரைவிடப் பெரிதாக இருக்கும். புதிய மரை எதில் வெட்டுவீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.