சாமி பேரில் உறுதி எடுத்தவரைத்தான் நம்பலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் எங்கள் பஞ்சாயத்தில் புது மெம்பர்கள் பதவியேற்றதைப் பார்க்கப் போயிருந்தேன். நிறைய பேர் தெய்வத்தின் பேரில் உறுதி எடுத்தார்கள். இரண்டு பேர் மட்டும் சாமி பேரைச் சொல்லாமல், ‘சகௌரவம்’, அதாவது உளமார, என்று சொல்லி எடுத்தார்கள். சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது, சரி. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “சாமிக்கே பயப்படாதவன் யாருக்குப் பயப்படுவான்?” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கணக்கைத் திருத்தி ஆபீசரை ஏமாற்றலாம். மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்று நம்புகிறவனுக்குத் தனியாக இருக்கும்போதும் கை நடுங்கும்.

கடைமடை விவசாயி:
நடுங்கவில்லையே அண்ணா! ஆளியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக நம் சித்தூர்ப் பக்கத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி என்று ஒப்பந்தம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கால்வாயின் கடைசித் தோட்டம் வரை வந்து சேருவதுதான் இங்கே எங்கள் உயிர்ப்பிரச்சினை. முன்பு இருந்த ஒரு மெம்பர் நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். எங்கள் முறை வந்த ராத்திரி, மேலே இருக்கும் சொந்தக்காரர் தோப்புக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அந்தக் கோடையில் எனக்கு 11 தென்னை பட்டுப்போனது. அவருக்குப் பின்னால் வந்தவர் கோயில் பக்கமே போகாதவர். முறைத்தண்ணீர் விடும் ராத்திரிகளில் டார்ச் எடுத்துக்கொண்டு கரையிலேயே நடப்பார். தன் மச்சான் கேட்டும் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக விடவில்லை. நான் தினமும் மாரியம்மனைக் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் ஓட்டு அவருக்குத்தான் போட்டேன்.

சித்தூர் டீச்சர்:
தம்பி, உங்கள் நஷ்டம் புரிகிறது. அதற்காக நம்பிக்கையை ஒதுக்கிவிட முடியாது. 1936இல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டாரே, அந்தப் பிரகடனம் தன் மதத்தின் உண்மையில் உள்ள ஆழ்ந்த நம்பிக்கையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பக்திமானாக இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

கடைமடை விவசாயி:
டீச்சர், அதற்கு 12 வருடம் முன்னால் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. வழியை மறித்தவர்களும் பக்திமான்கள்தான். அங்கே வந்து சிறைக்குப் போன பெரியாருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, காந்திக்கு உண்டு. இருவரும் ஒரே பக்கம்தான் நின்றார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இது என்னை யோசிக்க வைக்கிறது. அச்சுத மேனனும் கம்யூனிஸ்ட்தான். 1977இல் கேரள முதல்வர் பதவியை விட்டதும் திருச்சூருக்குப் போய் எளிமையாக வாழ்ந்தார். அவர் நேர்மையை எதிர்க்கட்சிக்காரர்களும் மதித்தார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்படிப்பட்ட குணம் எங்கிருந்து வருகிறது? என் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித்தான் எனக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தாள்.

சித்தூர் டீச்சர்:
எனக்கும் அப்படித்தான். அதனால் நம்பிக்கை ஒரு நல்ல விதை என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முளைத்ததா என்று தோட்டத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்வதை ஏற்கிறேன். நெற்றியைப் பார்த்து ஓட்டுப் போட்ட தப்பை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

கடைமடை விவசாயி:
அப்படியானால் வருகிற கிராமசபைக்கு இரண்டு பேரும் வாருங்கள். எந்த ராத்திரி யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். சாமி பேரில் உறுதி எடுத்தவர் என்ன சொல்கிறார், சகௌரவம் என்றவர் என்ன சொல்கிறார் என்று அங்கேயே கேட்போம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வருகிறேன். அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.