ஸ்னோபோர்ட்: விரல்பக்கம் திருப்பேக்க விழுறன், ஊரில நிண்டு என்ன பழகலாம்?

உப்புவெளியான்:
வணக்கம். டொரன்டோவில படிக்கிறன். போன விண்டர் ஏர்ல் பேல்ஸ் பார்க் சரிவில ஸ்னோபோர்ட் (ரெண்டு காலையும் ஒரே பலகையில பூட்டிப் பனியில சறுக்கிறது) பழகத் தொடங்கினனான். இடது கால் முன்னுக்கு. குதிக்கால் விளிம்பில நிண்டு பிரேக் பிடிக்க, இடம் வலமாச் சறுக்கி இறங்க எல்லாம் ஏலும். விரல்பக்கம், அதாவது கால்விரல் பக்க விளிம்பில பாரம் போட்டு, திருப்பேக்கதான் வில்லங்கம். பலகை குறுக்கால வாற நேரம் மல்லாக்கத் தூக்கி அடிக்குது. நாரிதான் வாங்குது, ஹெல்மெட் இருந்தபடியால் பிடரி தப்பிச்சுது. இப்ப லீவில திருகோணமலையில நிக்கிறன். ஆவணி முடியத் திரும்பிடுவன். அதுக்குள்ள என்ன செய்யலாம்?

சல்லிக்கரை:
நிலாவெளியில சேர்ஃப் பலகை வாடகைக்கு எடுத்துப் பழகுங்கோ மச்சான். பலன்ஸ் தானா வரும்.

கல்கரி அக்கா:
சல்லிக்கரைத் தம்பி, கச்சான் காத்துக்கு (தென்மேல் காத்து) இப்ப நிலாவெளிக் கடல் குளம் மாதிரியெல்லே கிடக்கும்! அலை வேணுமெண்டா அறுகம்பேக்குத்தான் போகோணும். அதோட சேர்ஃபில பாரம் பின்காலுக்குப் போற பழக்கம் வந்திடும். பனியில திருப்பத்தைத் தொடங்க முன்காலிலதான் பாரம் வேணும்.

உப்புவெளியான், விரல்பக்கம் திரும்பினா நீங்கள் மேட்டைப் பார்த்து நிப்பீங்கள். அப்ப பள்ளத்துப் பக்கம் இருக்கிறது குதிக்கால் விளிம்பு. பயத்தில பின்னுக்குக் குந்தினா அது பனியைக் கவ்வும். பலகை நிண்டிடும், ஆள் போயிடும். இடுப்பை வளைச்சுக் குனியிறதும் சரிவராது. முழங்காலை மடிச்சு, இடுப்பை முன்னுக்குத் தள்ளி, கணுக்காலுக்கு மேல உள்ள எலும்பு சப்பாத்தின்ர நாக்கை அமத்தோணும். கண் பலகை நுனியில நிக்கக்கூடாது, போற திசையில நிக்கோணும்.

ஒண்டு கேக்கிறன்: சப்பாத்துக்குள்ள எத்தினை சொக்ஸ் போடுறனீங்கள்?

உப்புவெளியான்:
ரெண்டு அக்கா, தடிப்பான கம்பளி. எங்கட ஊர் உடம்புக்கு அந்தக் குளிர் தாங்காது. வாடகைச் சப்பாத்து, முன்னுக்கு வளையேக்க குதி கொஞ்சம் எழும்பும்.

கல்கரி அக்கா:
பாதி வியாதி அதுதான்! குதி எழும்பினா நீங்கள் விரலை அமத்தினாலும் பலகைக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு மெல்லிய சொக்ஸ் போதும். ரெண்டு போட்டா மடிஞ்சு இரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் விறைக்கும். நிமிந்து நிண்டா விரல்நுனி முன்னுக்குத் தொடோணும், முழங்கால் மடிச்சா குதி அசையக்கூடாது. அசைஞ்சா சின்ன சைஸ் கேட்டு மாத்துங்கோ.

ஓர்ஸ்ஹில்வாசி:
வீட்டிலயே பழகலாம். ஹாட்வெயாரில ஒரு துண்டு எஸ்லோன் (பிவிசி) பைப் வாங்கி, மேல அகலமான பலகையைக் குறுக்கால வைச்சு ஏறுங்கோ. சுவர்ப்பக்கம் நிண்டு செய்யுங்கோ, ஓடு போட்ட நிலத்தில வேண்டாம், வழுக்கும். டச்பே மணலில சறுக்கிப் பாக்கிற யோசினை வந்தா விட்டிடுங்கோ. சரிவே இல்லை.

கல்கரி அக்கா:
ஓம், அந்தப் பைப் பலகை நல்லது. பல்லு விளக்கேக்க சுவரைப் பாத்து நிண்டு, முழங்காலை மடிச்சு இடுப்பால சுவரைத் தொட்டுப் பழகுங்கோ. விரல்பக்க நிலை அதுதான். திரும்பிப் போனதும் உடனே முழுத் திருப்பத்துக்குப் போகாமல், பச்சை வட்டம் போட்ட ஆக லேசான சரிவில விரல் விளிம்பில மட்டும் மெல்ல வழுக்கி இறங்கிப் பழகுங்கோ. பிறகு நேரா விட்டு ஒரு பக்கம் மட்டும் வளைச்சு நிப்பாட்டுங்கோ.

உப்புவெளியான்:
நன்றி அக்கா. மணிக்கட்டுக் காப்பு வாங்கோணுமோ?

கல்கரி அக்கா:
கட்டாயம். ஸ்னோபோர்ட் பழகிற ஆக்களுக்கு அடிக்கடி முறியிறது மணிக்கட்டுத்தான். ரோலர் ஸ்கேட்டுக்குப் போடுறதும் காணும், கையுறை மேலால போகுதோ எண்டு பாத்து வாங்குங்கோ. விழேக்க கையை விரிச்சு ஊண்டாதேங்கோ, பொத்திப் பிடியுங்கோ.